ஜூலை 16, காலை வழிபாட்டுக் கூட்டம்

ஜூலை 15 அன்று என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். ஒரு வாரத்துக்கு முன்பே பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுவார்கள். அன்று காலை, இடுப்பில் நிற்காத வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று குட்டிக் காமராசர்கள் வந்து நிற்பார்கள். மாடு மேய்த்த பையனிடம் அவர் பேசிய கதை எல்லாப் பேச்சிலும் வரும். மதிய உணவும் வரும். கைதட்டல், மிட்டாய், குரூப் போட்டோ.

மறுநாள் 16. 2004-இல் அதே தேதியில், கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த ஒரு பள்ளியில், மதிய உணவுக்காக மூட்டிய அடுப்பிலிருந்து பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். நாள்காட்டியில் இரண்டு தேதிகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம். காமராசர் சோறு போட்டார் என்று நேற்று மேடையேறிச் சொன்ன பிள்ளையிடம், அந்தச் சோற்றுக்கு எரிந்த அடுப்பைப் பற்றி இன்று எப்படிப் பேசுவது? இந்தக் கேள்வி ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் ஆசிரியர் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் வேலை பார்ப்பது கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. கும்பகோணம் எங்களுக்கு டவுன். துணி எடுக்க, கண்ணாடி மாற்ற, மகாமகக் குளத்தைச் சுற்றிக் காட்ட, எல்லாவற்றுக்கும் அங்கேதான். அதனால் இது எங்கோ நடந்த செய்தி இல்லை. அக்காவுக்கு வந்த ஜாதகம் காசிராமன் தெருவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று சாதாரணமாகச் சொல்லும் ஊர் இது.

தவிர, இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் 2004-இல் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா, பேச்சு வாக்கில் சொன்னார்: "எங்க ஸ்கூல்ல அந்த வாரமே கீத்தை எல்லாம் பிரிச்சுட்டாங்க டீச்சர். ரொம்ப நாளைக்கு வேப்பமரத்தடியிலதான் படிச்சோம். வெயில் நகர நகர நாங்களும் நகருவோம்." அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். கொஞ்சம் கழித்து, "எங்க அம்மா ஒரு வாரம் ஸ்கூல் வாசல்லயே உக்காந்திருந்துச்சு" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

வீட்டில் பாட்டிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். பிள்ளைக்கு மட்டும் யூடியூபில் வரும் பின்னணி இசையோடு தெரிய வேண்டுமா என்பதுதான் எங்கள் ஹெச்.எம். கேட்ட கேள்வி. "யார் சொல்றதுன்னுதான் கேள்வி, சொல்றதா வேணாமான்னு இல்ல" என்றார். அப்படித்தான் ஜூலை 16 காலைக் கூட்டத்தில் அந்தத் தீயைப் பற்றிப் பேசுவது எங்கள் பள்ளியில் தொடங்கியது.

நடந்தது என்ன என்பதை முதலில் எங்களுக்குள்ளேயே சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தோம். உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை, முற்பகல். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன: உதவிபெறும் தொடக்கப்பள்ளி, நர்சரிப் பள்ளி, பெண்கள் உயர்நிலைப்பள்ளி. சமையல் நடந்த கொட்டகை கீற்று. மாடியில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பின் கூரையும் கீற்று. கீழே பற்றியது மேலே தாவியது. காய்ந்த தென்னங்கீற்று எரிவதைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். ஆடி பிறக்கும் நேரம் வேறு. மூங்கில் சட்டங்களோடு கூரை அப்படியே குழந்தைகள் மேல் இறங்கியது. இறங்கி வர இருந்தது குறுகலான ஒரு படிக்கட்டு. இறந்த 94 பேரும் தொடக்க வகுப்புப் பிள்ளைகள். பதினெட்டுப் பேர் தீக்காயங்களோடு பிழைத்தார்கள்.

அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டில் கீற்றுக் கூரைத் தீ இரண்டு முறை எச்சரித்திருந்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம், மாடியில் போட்ட கீற்றுப் பந்தல், மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர். ஆறு மாதம்கூட ஆகவில்லை, கும்பகோணம். ஆகவே "யாரும் எதிர்பார்க்காத விபத்து" என்று பத்திரிகைகள் எழுதும் வரியை எங்கள் பள்ளியில் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். விதி என்றும் சொல்வதில்லை. சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று ஒரு பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொன்னால் மறுத்துப் பேசுவதும் இல்லை. அது அந்த வீட்டின் ஆறுதல். பள்ளிக்கூடம் சொல்ல வேண்டியது வேறு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, நான் என்ன பேசப் போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் எங்கள் சத்துணவுச் சமையலர் அக்கா நின்றிருந்தார். மாணவர் வருகை எண்ணிக்கை கேட்க வந்தவர். போகவில்லை. நான் முடித்ததும் சொன்னார்:

"டீச்சர், ஒண்ணு சொல்லவா? அடுப்புலேருந்து தீப் புடிச்சுச்சுன்னு சொல்லி அதோட நிறுத்திடாதீங்க. நாளைக்கு என் அடுப்படியத் தாண்டிப் போற புள்ளைங்க என்னைய ஒரு மாதிரி பாக்கும்."

அறையில் யாரும் பேசவில்லை. அவர் தொடர்ந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விறகு அடுப்புதான். ஈர விறகு, புகை, கண் எரிச்சல். கேஸ் வந்தது பின்னால். "அங்க சமைச்ச அம்மாவுக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் அஞ்சு வருஷம் போட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். அவங்க செஞ்சது சரின்னு சொல்லல டீச்சர். ஆனா கூரைய கீத்துல போட்டது அவங்களா?"

கும்பகோணத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகக் குற்றத்தின் படிநிலையை யாரும் சொல்லி நான் படித்ததில்லை. தீ தொடங்கிய இடம் ஒன்று. அது கொன்ற காரணங்கள் வேறு. கீற்றைப் போட்டது ஒருவர், அந்தக் கீற்றுக்கடியில் வகுப்பு நடக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது இன்னொருவர், வந்து பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போனது மற்றொருவர். 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 21 பேர் குற்றம் சாட்டப்பட்டவர்களாக நின்றார்கள். பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொரு பேர் விடுதலை. தண்டனை பெற்றவர்களில் பள்ளியின் நிறுவனர் இருந்தார், கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், அக்கா சொன்ன இருவரும் இருந்தார்கள். நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-இல் உயர் நீதிமன்றம் அதை அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலமாகக் குறைத்தது. வேறு சிலரை விடுவித்தது. குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் தீர்ப்பை எப்படி வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அக்கா சொன்ன பிறகு பேச்சின் வரிசை மாறியது. கூரையிலிருந்து தொடங்கி, படிக்கட்டுக்கு வந்து, ஒரே கட்டடத்தில் எத்தனை பேரை அடைக்கலாம் என்ற கேள்விக்குப் போய், கடைசியில்தான் அடுப்பு. கூட்டத்தில் அக்காவையும் உதவியாளரையும் ஆசிரியர்களின் வரிசையில் நிற்கச் சொன்னார் ஹெச்.எம். வழக்கமாக அந்த நேரத்தில் அவர்கள் சமையல் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அன்று ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

இன்னொரு விவாதம், பெயர்கள். எங்கள் சமூக அறிவியல் சார், 94 பெயர்களையும் மாணவர்களை வைத்து வாசிக்கலாம் என்றார். எண் மனதில் நிற்காது, பெயர் நிற்கும் என்பது அவர் வாதம். உண்மைதான். கும்பகோணத்தில் நினைவிடத்தில் அப்படித்தான் இருக்கிறது, அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் எதிர்த்தேன். காரணம் சாதாரணமானது. அந்தத் தலைமுறைக் குழந்தைகளின் பெயர்களும் எங்கள் பிள்ளைகளின் பெயர்களும் பாதி ஒன்று. இறந்தவர்கள் பட்டியலில் தன் பெயரைக் கேட்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அன்று இரவு தூக்கம் வருமா? அதோடு, அந்தப் பெயர்களை உரக்கச் சொல்லும் உரிமை முதலில் பெற்றவர்களுக்கு. நாம் வாசித்தால் அது ஒரு நிகழ்ச்சி நிரலில் வரிசை எண் நான்காகிவிடும். சார் அரை மனதாக ஒத்துக்கொண்டார். இன்றும் அவர் கட்சி அதுதான்.

புகைப்படங்களும் வேண்டாம் என்றோம். இதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அந்த நாளின் படங்களை என் வயதுக்காரர்கள் மறக்கவே முடியாது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டு. விடுதியில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், மறுநாள் செய்தித்தாளை யாரும் பிரிக்கவில்லை. அதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ப்ரொஜெக்டரில் காட்டி "பார்த்தாயா" என்று கேட்பதில் என்ன இரக்கம் இருக்கிறது? அழ வைப்பது சுலபம். மொட்டு, தளிர், பிஞ்சு என்று எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்தால் எட்டாம் வகுப்பு மாணவி கண்ணீரோடு ஒப்பித்துவிடுவாள், கீழே நிற்கும் நாமும் துடைத்துக்கொள்வோம், பத்து மணிக்கு முதல் பாடவேளை தொடங்கிவிடும். அந்தக் கவிதைகள் எனக்கு ஆகாது. வீட்டுப்பாடம் முடிக்காமல், பல்பத்துக்குச் சண்டை போட்டு, சோறு எப்போது வரும் என்று எட்டிப் பார்த்திருக்கக்கூடிய பிள்ளைகள் அவர்கள். எங்கள் மூன்றாம் வகுப்பு மாதிரியே. அப்படி நினைத்தால்தான் எனக்கு ஏதாவது உறைக்கிறது.

மௌன அஞ்சலி கதை வேறு. ஒன்றாம் வகுப்பை ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபது விநாடியில் ஒருவன் ஒரு கண்ணைத் திறப்பான். பக்கத்தில் இருப்பவனும் திறந்திருப்பான். இருவரும் சிரிப்பார்கள். பின் வரிசையில் ஒரு தும்மல். அதட்டினால் அந்த ஒரு நிமிடம் குழந்தைகளுக்குத் தண்டனையாகிவிடும். அதனால் சின்ன வகுப்புகளைத் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி வாசிப்பு முடிந்ததும் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். நான்காம் வகுப்பிலிருந்து மேலே மட்டும் நிற்பார்கள். அவர்களிடமும் "நம்மள மாதிரி பிள்ளைங்க, நம்ம பக்கத்து ஊர்ல" என்று தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. பிறகு கேள்விகள்.

முதல் ஆண்டு வந்த முதல் கேள்வி ஐந்தாம் வகுப்புப் பையனிடமிருந்து: "ஏன் டீச்சர் அவங்க ஓடல?"

அவன் குரலில் கொஞ்சம் வீரம் இருந்தது. நானாக இருந்தால் ஓடியிருப்பேன் என்கிற தொனி. அந்த வயதில் எல்லோரும் சினிமா ஹீரோதான். "ஓடப் பாத்தாங்கடா. ஓட வழி இல்ல" என்றேன். புகை எப்படி மேலே போய்ப் பிறகு கீழே இறங்கும், ஏன் முதலில் கண்ணும் மூச்சும் போகும், கூட்டமாக ஒரு படியில் இறங்கினால் முன்னால் விழுந்த ஒருவரால் எல்லோரும் எப்படி நின்றுவிடுவார்கள் என்று சொன்னேன். அறிவியல் பாடம் நடத்தும் குரலிலேயே சொன்னேன். அந்தக் குரல்தான் அந்த இடத்தில் உதவியது.

அப்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கூட்டத்தில் பெரும்பாலும் வாயே திறக்காதவள், கேட்டாள்: "அவ்ளோ பேரு படிக்கிற ஸ்கூல்ல ஒரே படியா வெச்சிருந்தாங்க?" கேட்டுவிட்டு அவளே திரும்பி எங்கள் கட்டடத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆசிரியர்களும்தான். எங்கள் பள்ளி மாடிக் கட்டடம். கான்கிரீட் தளம், கீற்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் மேலே. படிக்கட்டு ஒன்று.

அன்று மதியம் முதல் பாடவேளை நடக்கவில்லை. எட்டாம் வகுப்பைப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த பொந்தைக் காலி செய்யச் சொன்னார் ஹெச்.எம். கால் உடைந்த பெஞ்சுகள், நூல் கட்டிய பழைய விடைத்தாள்கள், ஏதோ ஓர் ஆண்டுவிழாவின் தெர்மாகோல் மயில், சுருட்டிய பிளக்ஸ் பேனர்கள். தீக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. அத்தனையும் வெளியே வந்ததும் படிக்கு அடியில் சுவர் தெரிந்தது. நான் இந்தப் பள்ளிக்கு வந்து பார்த்திராத சுவர். இன்னொரு பையன் வராந்தாவில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். "டீச்சர், முள்ளு செகப்புல நிக்குது." ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தோம். மீட்டரின் முள் பச்சையை விட்டு எப்போதோ இறங்கியிருந்தது. யார் கண்ணிலும் படும் உயரத்தில் மாட்டியிருந்த பொருள். அதை யாரும் பார்த்ததில்லை. அந்த வாரமே நிரப்பி வந்தது.

எங்கள் பள்ளி நினைவேந்தலின் முக்கியப் பகுதி இப்போது இதுதான். தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுவோம். வண்டி வந்தாலே பாதித் திருவிழா. எரியும் சிலிண்டர் மேல் ஈரச் சாக்கை எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். ஆடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, நில், படு, உருள் என்பார்கள். ஒன்றாம் வகுப்பு உருண்டு உருண்டு மண்ணாகிவிடும், அன்று மாலை அம்மாக்களிடம் எங்களுக்குத்தான் திட்டு. உருளையின் பின்னைப் பிடுங்குவது, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குப் பிடிப்பது, இதையெல்லாம் எங்கள் சமையலர் அக்காதான் முதலில் செய்வார். முதல் தடவை வெண்பொடி பீய்ச்சியடித்ததும் பின்னால் ஓர் அடி நகர்ந்தார், பிறகு சிரித்துக்கொண்டே முடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முந்தைய நாள் காமராசருக்குத் தட்டியதைவிடச் சத்தமாக.

பிறகு மணி. விட்டுவிட்டு அடிக்கும் நீண்ட மணி. மேல்தள வகுப்புகள் சுவரை ஒட்டி ஒற்றை வரிசையில் இறங்க வேண்டும். புத்தகப்பை கூடாது. எட்டாம் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் கீழ்த்தளச் சின்ன வகுப்பில் இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. யாருக்கு யார் என்பது ஜூன் மாதமே முடிவாகிவிடும், ஆண்டு முழுவதும் அதே ஜோடி. ஆரம்பத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இது கௌரவக் குறைச்சலாக இருந்தது. இப்போது மணி அடிக்காத நாளிலும் அந்தச் சின்னதுகள் இடைவேளையில் தங்கள் அண்ணனைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்கின்றன. செருப்பு வார் மாட்டத் தெரியவில்லை, பாட்டில் மூடி திறக்கவில்லை, இவன் என்னை அடித்துவிட்டான். ஒரு முறை ஒத்திகையில் எல்லோரும் மைதானத்துக்கு வந்து தலை எண்ணியபோது ஒரு பையன் மட்டும் குறைந்தான். பார்த்தால், தன் பொறுப்பில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பெண் அன்று விடுப்பு என்பது தெரியாமல் கழிப்பறை, சமையல்கூடம் எல்லாம் தேடிக்கொண்டிருந்தான். வந்ததும், "மேடம் அன்னைக்கு லீவுன்னா எனக்குத் தகவல் சொல்லணும்" என்று மூச்சிரைத்தபடி சண்டை போட்டான். அன்றிலிருந்து காலையில் சின்ன வகுப்பு வருகைப்பதிவு முடிந்ததும் யார் வரவில்லை என்ற துண்டுச்சீட்டு எட்டாம் வகுப்புக்குப் போகிறது.

பள்ளிகளில் இந்தத் தீப் பாதுகாப்பு வேலைகளைச் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே இருக்கிறது. கும்பகோணம் தீக்குப் பிறகு அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் வந்தது. கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்றது நீதிமன்றம். தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அவற்றை இயக்கப் பயிற்சி வேண்டும், கட்டடத்துக்கு உறுதிச் சான்று வேண்டும் என்றது. நாட்டில் உள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். கட்டட உறுதி, உரிமம், சுகாதாரம், தீயணைப்புத் துறையின் தடையின்மை என்று தனியார் பள்ளிகள் இன்று வரிசையாகச் சான்று வாங்குவதற்குப் பின்னால் காசிராமன் தெரு இருக்கிறது. சான்றைச் சட்டகம் போட்டு அலுவலகத்தில் மாட்டிவிட்டு, அவசர வழிக்குப் பூட்டுப் போடும் பள்ளிகளும் இருக்கின்றன. பூட்டாவிட்டால் பிள்ளைகள் ஓடிவிடுவார்களாம்.

ஜூலை 16 மாலையில் நான் தனியாகக் கும்பகோணம் போவதுண்டு. பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. அது பெற்றவர்களின் இடம். காலையிலேயே பள்ளி வாசலில் 94 குழந்தைகளின் படங்களையும் அச்சிட்ட பெரிய பேனர் வைத்திருப்பார்கள். அதன் முன்னால் பூ, மெழுகுவர்த்தி, பிஸ்கெட் பாக்கெட், சாக்லேட், சிலர் புதுத்துணி. மாலையில் அகல் விளக்குகளோடு மகாமகக் குளம் வரை ஊர்வலம். ஒரு அம்மா டிபன் டப்பாவைத் திறந்து படத்துக்கு நேராக வைத்துவிட்டு, மூடியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். உள்ளே முறுக்கு. எறும்பு வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் குனிந்து மூடினார். பிறகு மறுபடி திறந்தார். தலை முழுக்க நரை. அந்தக் குழந்தை இருந்திருந்தால் இன்று எங்கள் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் வயது.

அங்கே நின்றுகொண்டு அவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு முறை மட்டும், பக்கத்தில் நின்றவர் எந்த ஊர், யார் வீடு என்று கேட்டார். டீச்சர் என்றதும் ஒரு நொடி அவர் முகம் இறுகியது. ஆசிரியர்கள் மேல் அவர்களுக்கு இருக்கும் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் எங்கள் பள்ளியில் செய்வதைச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பையன்கள், ஜோடி, துண்டுச்சீட்டு. கேட்டுக்கொண்டே இருந்தார். "எல்லா ஸ்கூல்லயும் இத ஒரு நாளா வைக்கச் சொல்லித்தான் நாங்களும் வருஷா வருஷம் கேக்குறோம்மா" என்றார். ஆமாம், அந்த நாளைக் குழந்தைகள் பாதுகாப்பு நாளாக அறிவிக்க வேண்டும் என்பது பெற்றோரின் நீண்டகாலக் கோரிக்கை. முந்தைய நாளுக்கு விழா இருக்கிறது. அடுத்த நாளுக்கு ஓர் ஒத்திகை வைப்பதில் அரசுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நாகப்பட்டினம் பக்கம் வேலை பார்க்கும் தோழி ஒருத்தியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதே 2004-இன் டிசம்பர் 26, சுனாமி. அவள் பள்ளியின் பாதிப் பிள்ளைகள் வீட்டில் மாலை போட்ட படம் உண்டு. ஆனால் அந்தத் தேதி அரையாண்டு விடுமுறைக்குள் விழுகிறது. கடற்கரையில் ஊரே கூடி அஞ்சலி செலுத்தும், பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் அந்த நாள் வரவே வராது. ஜனவரியில் திறந்ததும் பொங்கல் கோலப்போட்டி. அவள் இப்போது அதை நவம்பரில், மழைக்கால முன்னெச்சரிக்கையோடு சேர்த்து நடத்துகிறாள். அலை உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு. மீனவத் தாத்தா ஒருவரை அழைத்து வந்து சொல்ல வைத்தாளாம். தேதி முக்கியமில்லை என்பது அவள் கட்சி. எனக்குத் தேதி முக்கியம். ஜூலை 15-க்கு அடுத்த நாள் என்பதாலேயே முக்கியம்.

எங்கள் ஒரே படிக்கட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். வேப்பமரத்தடியில் படித்த அந்த அம்மாதான் முன்மொழிந்தார். கிராம சபையில் வைத்தோம். மனு போனது, நினைவூட்டல் போனது. பொறியாளர் வந்து கிழக்குச் சுவரோரம் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார், பையன்கள் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அடித்துக்கொண்டார்கள். மதிப்பீடு தயாராகிறது என்கிறார்கள். இந்த ஜூலைக்குள் வராது. அதுவரை ஆறாம் வகுப்பைக் கீழே கணினி அறைக்கு இறக்கிவிட்டு, கணினிகளை மேலே ஏற்றிவிட்டோம். கணினி வகுப்புக்கு மட்டும் இப்போது எல்லோரும் மாடி ஏற வேண்டும், அதற்கு வாரத்தில் இரண்டு பாடவேளைதான்.